கறுப்பினப் பெண்ணை எந்தத் தட்டில் வைப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, ‘கறுப்பினத்தவர் ஜெயித்துவிட்டார், பெண்ணால் இன்னும் முடியவில்லை, ஆகவே இனத்தைவிடப் பாலினமே பெரிய தடை’ என்று கணக்கை முடித்துவிட்டது. 2008-ல் ஒபாமா ஜெயித்ததும், 2016-ல் ஹிலாரியும் 2024-ல் கமலா ஹாரிஸும் ட்ரம்ப்பிடம் தோற்றதும் உண்மைதான். ஆனால் இந்தத் தராசில் கறுப்பினப் பெண்ணை எந்தத் தட்டில் வைப்பது?

ஷெர்லி சிஷோம் பெயரே கட்டுரையில் இல்லாதது வியப்பளித்தது. பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1968-ல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். 1972-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்குப் போட்டியிட்டார். கறுப்பினத் தலைவர்களில் பலர், ஒரு பெண் தங்களை முந்திக்கொண்டு நிற்பதை ரசிக்கவில்லை. பெண்ணுரிமை பேசியவர்களிலும் பலர், ஜெயிக்கிற குதிரை என்று சக போட்டியாளரான மெக்கவர்ன் பக்கம் சாய்ந்தார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த மயாமி பீச் மாநாட்டில் சிஷோமுக்குக் கிடைத்தவை 152 வாக்குகள். கறுப்பினத்தவர் என்பதைவிடப் பெண் என்பதால்தான் அதிகப் பாகுபாட்டைச் சந்தித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இது கட்டுரையாளருக்குச் சாதகமான சாட்சி, மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவரைக் கைவிட்டவர்கள் இரண்டு தரப்பிலும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தச் சண்டை 2008-ல் தொடங்கியதும் அல்ல. உள்நாட்டுப் போருக்குப் பின், முதலில் யாருக்கு வாக்குரிமை என்பதில் கறுப்பினத் தலைவர் பிரடெரிக் டக்ளஸும் பெண்ணுரிமைத் தலைவி எலிசபெத் ஸ்டான்டனும் எதிரெதிராக நின்றார்கள். 1870-ல் கறுப்பின ஆண்களுக்கும், 1920-ல் பெண்களுக்கும் சட்டப்படி வாக்குரிமை வந்தது. தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் வாக்குச்சாவடியைப் பார்த்ததென்னவோ 1965-ன் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான். இரண்டு வெற்றிகளிலும் பங்கிருந்தும் இரண்டிலும் கை நிறையாதவர்கள் அவர்கள்.

ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆவதற்கு ஒபாமாவும் ஹிலாரியும் மோதிய 2008 களத்திலும் இதே வாசனை. நியூ ஹாம்ப்ஷயர் கூட்டத்தில் ஹிலாரியைப் பார்த்து ‘என் சட்டைக்கு இஸ்திரி போடு’ என்று கத்தினார்கள். அவர் சிரித்துக் கடந்தார். ஒபாமாவுக்கோ தன் போதகரின் பேச்சுகளுக்காக, பிலடெல்பியாவில் இனம் பற்றியே ஒரு முழு உரை ஆற்ற வேண்டியிருந்தது. துணை அதிபர் பதவிக்கு 1984-ல் பெரிய கட்சியொன்று நிறுத்திய முதல் பெண்ணான ஜெரால்டின் ஃபெராரோ, வெள்ளையராக இருந்தால் ஒபாமா இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார் என்றார். தடை தாண்டிய ஒருவரே அடுத்தவருக்கு அது சலுகை என்று சொன்னதுதான் எனக்கு உறுத்தியது.

கடைசியாக நம் பக்கம். 2024 ஜூலையில் சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் முன், கமலா இந்தியராக இருந்து திடீரென்று கறுப்பினத்தவராக மாறிவிட்டதாக ட்ரம்ப் பேசினார். கொதித்தோம். ஆனால் கமலாவுடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டி, தர்மசாஸ்தா கோயிலில் பூஜை செய்து ‘நம்ம ஊர்ப் பொண்ணு’ என்று கொண்டாடிய நாம், அவருடைய ஜமைக்கா அப்பாவை எத்தனை முறை நினைத்தோம்? எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர், “டிவியில ஏன் சார் கறுப்பினம்னு சொல்றான்?” என்று மனத்தாங்கலோடு கேட்டார். சென்னையிலிருந்து போன கமலாவின் அம்மா சியாமளா கோபாலனுக்கு அந்த மனத்தாங்கல் இல்லை. அந்த நாடு தம் மகள்கள் இருவரையும் கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று தெரிந்தே அவர் வளர்த்ததாகக் கமலா எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி