கூரைக்கும் பணம் வேண்டும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஓய்வு பெற்ற பிறகும் கிளை நூலகத்துக்குப் போய்ப் புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்குப் பகுப்பு எண் போடக் கற்றுக்கொடுக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. "அந்தக் கரீபியத் தீவுகளில் நல்ல எழுத்தாளர்கள் உண்டு என்று தெரியும், நூலகங்கள் எப்படி?" என்று கேட்டிருந்தாய். இங்கே என்னிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் நல்ல சேதி. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் கடைசி, மே தொடக்க வாக்கில் டிரினிடாடின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் போகாஸ் இலக்கிய விழா நடக்கிறது. 2011இல் மரினா சலாண்டி-பிரவுன் தொடங்கிய விழா. தேசிய நூலகமும் அதை ஒட்டியிருக்கும் பழைய தீயணைப்பு நிலையமும்தான் அதன் வீடு. பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் கிடையாது. பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், கடலுக்கு அப்பாலிருந்து வந்த நாவலாசிரியர்கள், என்னைப் போல் பையில் நோட்டோடு வருபவர்கள் என்று எல்லாரும் ஒரே வளாகத்தில் திரிவோம். விழாவின் கடைசியில் நடக்கும் கவிதை அரங்கேற்றப் போட்டிக்குத்தான் கூட்டம் அலைமோதும். இருபது வயதுப் பையனும் பெண்ணும் தாளில்லாமல் மேடையேறிக் கொலைகளைப் பற்றி, தன் அம்மாவைப் பற்றி, வேலை கிடைக்காததைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அரங்கம் பதில் குரல் கொடுக்கும். கலிப்சோ பாட்டுப் பிறந்த ஊர் அல்லவா, சபை சும்மா உட்கார்ந்திருக்காது.

இந்த விழாவில் கொடுக்கும் பரிசுக்குப் பத்தாயிரம் அமெரிக்க டாலர். கவிதை, புனைவு, அபுனைவு மூன்றிலும் ஒவ்வொரு நூலைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் மூன்றில் ஒன்றுக்கு முதல் பரிசு. 2024இல் ஜமைக்காவின் சஃபியா சின்க்ளேர், ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரிச் சமயத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றிய குடும்பத்தில் வளர்ந்த கதையை எழுதிய நினைவுநூலுக்காகப் பெற்றார். முதல் ஆண்டுப் பரிசு கவிஞர் டெரக் வால்காட்டுக்கு. அவருடைய முதல் தொகுப்பின் கதை உனக்குப் பிடிக்கும். செயின்ட் லூசியாவில் பதினெட்டு வயதுப் பையன், அம்மாவிடம் இருநூறு டாலர் வாங்கி, 1948இல் கவிதைகளை இந்த போர்ட் ஆஃப் ஸ்பெயினில்தான் அச்சடித்தார். பிறகு தெருவில் நின்று தானே விற்று அம்மாவின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நோபல் 1992இல் வந்தது.

இதெல்லாம் மேடையில் நடப்பவை. உன் கேள்வி கட்டடத்தைப் பற்றியது. அதற்கு ஆன்டிகுவாவின் கதையைச் சொன்னால்தான் சரியாக வரும்.

1974 அக்டோபர் 8ஆம் தேதி அந்தத் தீவை நிலநடுக்கம் உலுக்கியது. தலைநகர் செயின்ட் ஜான்ஸில் இருந்த பொது நூலகம், அகன்ற தாழ்வாரமும் பெரிய ஜன்னல்களும் மஞ்சள் வண்ணமுமாய் நின்ற பழைய மரக் கட்டடம், சேதமடைந்தது. வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள்: நிலநடுக்கத்தில் சேதமடைந்தது, பழுதுபார்க்கும் வேலை நிலுவையில் உள்ளது. புத்தகங்களை ஒரு பழைய ஜவுளிக்கடையின் மாடிக்கு மாற்றினார்கள். இடம் போதவில்லை. பெரும்பாலான புத்தகங்கள் பெட்டியிலேயே கிடந்து பூஞ்சை பிடித்தன.

இந்த நூலகத்தில் படித்து வளர்ந்த ஒரு பெண் பதினாறு பதினேழு வயதில் அமெரிக்காவுக்கு வீட்டுவேலைக்குப் போய், ஜமைக்கா கின்கெய்ட் என்ற பெயரில் எழுத்தாளர் ஆனார். சிறுமியாக இருந்தபோது புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் திருடி ஒளித்துவைத்ததை அவரே சொல்லியிருக்கிறார். 1988இல் தன் தீவைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலில், பதினாலு ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பலகை தொங்கியதைக் கொதித்துப் போய் எழுதினார். அந்த நூல் உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று. பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. புதிய நூலகம் எப்போது திறந்தது தெரியுமா? 2014இல். நாற்பது ஆண்டு! ஆறு வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நூலகம் போயிருந்த குழந்தை அதற்குள் நாற்பத்தாறு வயது ஆளாகியிருக்கும். நூலகம் என்றால் ஜவுளிக்கடை மாடி என்று நினைத்தே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. நீயும் நானும் உறுப்பினர் அட்டை எழுதிக்கொடுத்த பிள்ளைகளின் முகங்களை நினைத்துப் பார், இந்த இழப்பு எவ்வளவு பெரிதென்று புரியும்.

எனக்குக் கோபம் அரசாங்கத்தின் மேல் மட்டும் இல்லை. கட்டடம் திறக்கிறபோது பணம் தர எல்லாரும் வருவார்கள், கல்வெட்டில் பெயர் இருக்கும். ஆண்டுதோறும் கூரை ஓடு மாற்ற, கரையானுக்கு மருந்தடிக்க, உப்புக்காற்றில் துருப்பிடித்த கீலை மாற்ற யாருக்கும் ஆசையில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி இந்தக் கரீபியப் பகுதியில் பல நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். டொமினிக்காவின் ரோசோ, பார்படோஸின் பிரிட்ஜ்டவுன், கயானாவின் ஜார்ஜ்டவுன், டிரினிடாடிலேயே சான் ஃபெர்னாண்டோ. கட்டடத்துக்கு நான் தருகிறேன், நடத்தும் செலவை ஊர் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும் என்பதுதான் அவர் எங்கும் போடும் நிபந்தனை. அந்த மனிதருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நம் ஊரில் சொத்துவரியோடு நூலக வரி சேர்த்து வாங்குகிற ஏற்பாட்டை இங்கே ஒரு நூலகரிடம் சொன்னேன். இரண்டு முறை திரும்பக் கேட்டுக்கொண்டார்.

ஏனென்றால் இங்கே புயல் தவணை வைத்து வருகிறது. 2017 செப்டம்பரில் ஒரே மாதத்துக்குள் இர்மாவும் மரியாவும் வந்தன. இர்மா சின்ட் மார்ட்டனின் ஃபிலிப்ஸ்பர்க் நூலகத்தை நொறுக்கியது. மரியா டொமினிக்காவில் கிட்டத்தட்ட ஒரு வீட்டுக் கூரையையும் விட்டுவைக்கவில்லை, ரோசோவின் அந்த நூறாண்டுக் கார்னெகி நூலகமும் தப்பவில்லை. நாவலாசிரியர் ஜீன் ரீஸ் பிறந்த ஊர் அது. புயலுக்குப் பின் முதலில் மருத்துவமனை, அப்புறம் பள்ளி, அப்புறம் சாலை. அது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நூலகத்தின் முறை வருவதற்குள் அடுத்த புயல் வந்துவிடுகிறது. நனைந்த புத்தகம் இந்த வெக்கையில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பூத்துவிடும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜமைக்காவில் இப்போது அதே நிலை. தென்கரையில் ட்ரெஷர் பீச் என்ற மீனவ ஊரில் 2001 முதல் கலபாஷ் இலக்கிய விழா நடக்கிறது. கடலைப் பார்த்த மேடை, இலவச அனுமதி, உள்ளூர் மீனவரும் நியூயார்க் எழுத்தாளரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். 2024 ஜூலையில் பெரில் புயல் அந்த ஊரைப் புரட்டியது. 2025 அக்டோபர் 28இல் மெலிஸா ஐந்தாம் நிலைப் புயலாக மேற்குப் பக்கம் கரையேறி, பக்கத்து நகரமான பிளாக் ரிவரை உருக்குலைத்துவிட்டது. கலபாஷைத் தொடங்கிய மூவரில் ஒருவரான குவாமி டாஸ்தான் 2025 முதல் ஜமைக்காவின் அரசவைக் கவிஞர். இந்தப் பதவியை அங்கே நிர்வகிப்பது தேசிய நூலகம் என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கவிஞரை ஊர் ஊராக அனுப்பும் வேலை நூலகத்தின் கையில் இருக்கிறது.

ஹெய்ட்டியைப் பற்றி எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். 2024 ஏப்ரல் தொடக்கத்தில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் ஆயுதக் கும்பல்கள் தேசிய நூலகத்துக்குள் புகுந்து சூறையாடின. இருநூறு ஆண்டு பழமையான ஆவணங்கள் இருந்த இடம். அடிமைகள் கிளர்ந்தெழுந்து, பிரான்சைத் தோற்கடித்து, 1804 ஜனவரி 1இல் விடுதலை பெற்ற நாடு அது. அந்த விடுதலைப் பிரகடனத்தின் அச்சுப் பிரதி ஒன்றுகூட நாட்டில் இருப்பதாகத் தெரியவில்லை. 2010இல் ஜூலியா கஃபீல்ட் என்ற ஆராய்ச்சி மாணவி லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஜமைக்காவின் ஆங்கிலேய ஆளுநர் அனுப்பிய கடிதக் கட்டில் அதைக் கண்டெடுத்தார். எட்டுப் பக்கச் சிற்றேடு. போர்ட்-ஓ-பிரின்ஸை நிலநடுக்கம் தரைமட்டமாக்கிய அதே ஆண்டு. ஒரு நாட்டின் பிறப்புச் சான்றை அந்நாட்டைக் கண்டு பயந்த சாம்ராஜ்யத்தின் அலமாரிதான் காப்பாற்றி வைத்திருந்தது. இதை நினைத்து மகிழ்வதா, அழுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

டிரினிடாடில் பிறந்த நாவலாசிரியர் நைபாலின் காகிதங்கள் அமெரிக்காவின் டல்சாவில் இருக்கின்றன. அதே சமயம் வால்காட், வரலாற்றாசிரியர் சி.எல்.ஆர். ஜேம்ஸ், இந்நாட்டின் முதல் பிரதமர் எரிக் வில்லியம்ஸ் மூவரின் சேகரங்களும் இங்கே செயின்ட் அகஸ்டினில், மேற்கிந்தியப் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலிலும் ஏறியிருக்கின்றன. ஆகவே தீவுகளால் காப்பாற்ற முடியாது என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குளிரூட்டிய அறையும் சம்பளம் தரும் நிறுவனமும் இருந்தால் இவர்கள் பிரமாதமாகச் செய்கிறார்கள். 2004இல் தொடங்கிய கரீபிய மின்னூலகம் இன்னொரு வழி காட்டியது. மூலம் அந்தந்தத் தீவின் நூலகத்திலேயே இருக்கும், உரிமையும் அவர்களுக்கே. படமெடுத்த பிரதி மட்டும் எல்லாருக்கும் இலவசம். பழைய செய்தித்தாள்களை அதில் புரட்டத் தொடங்கினால் எனக்குச் சாப்பாடு மறந்துவிடுகிறது.

பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். 1854 கடைசியில் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஆட்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன கப்பல் சேர்ந்த தீவு. அவர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு ஹென்றி சிதம்பரம் 1904இலிருந்து பல ஆண்டுகள் வழக்காடினார். அந்தத் தீவின் பெரிய நாவலாசிரியர் மரீஸ் கொந்தே 2024 ஏப்ரலில் காலமானார். பார்வை மங்கிய பிறகு கடைசி நாவலைக் கணவரிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதி முடித்தார். அவரிடம் தொடங்கு என்று உனக்குச் சொல்வேன், ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கும்.

விடுமுறை கிடைத்தால் ஆன்டிகுவாவுக்கே போய்ப் புதிய நூலகத்தின் குழந்தைகள் பகுதியைப் பார்த்துவிட்டு வர ஆசை. பார்த்தால் விவரமாக எழுதுகிறேன். உன் கிளையில் மழைக்கு ஒழுகிய அந்தப் பின்சுவரைச் சரிசெய்தார்களா? இல்லையென்றால் கீழ்த்தட்டுப் புத்தகங்களை இப்போதே மேலே ஏற்றிவிடு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி