தானாகப் பட்டை விழும் நூலில் ஐந்து முடிச்சுகள்: மாற்று நூல் கோரிப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: நான்கு உருண்டை பட்டை நூலில் மூன்று பயன்படாமல் போனது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

சென்ற மாதம் 6ஆம் தேதி தங்கள் இணையக் கடையில், தானாகப் பட்டை விழும் பருத்தி நூலில் நான்கு உருண்டைகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் 100 கிராம், 200 மீட்டர், விலை 420 ரூபாய். அனுப்பும் செலவு 90 ரூபாயும் சேர்த்து 1,770 ரூபாய் கட்டினேன். நான்கு சீட்டுகளிலும் சாயத் தொகுதி எண் ஒன்றே, அதாவது நான்கும் ஒரே தடவையில் சாயம் ஏற்றியவை. அதைச் சரிபார்த்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தேன்.

இந்த நூல் என் மகளின் தோள்பைக்காக வாங்கியது. அவள் இந்த ஆண்டு திருவனந்தபுரத்தில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். தினமும் காலையில், எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள பாறசாலையில் ரயில் ஏறுகிறாள். கருநீலம், கடுகு மஞ்சள், சந்தனம், செங்கல் சிவப்பு, இலைப்பச்சை என்ற ஐந்து நிற வரிசையைத் தங்கள் பக்கத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவளும் அவளே. அவள் கேட்டது ஒன்றுதான்: பையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், நீலத்துக்கு நேரே நீலம், மஞ்சளுக்கு நேரே மஞ்சள்.

நூலில் முடிச்சு வந்து நிற வரிசை மாறியதைத் தொலைபேசியில் சொன்னபோது, நான் இழுத்துப் பின்னுவதில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம், அதனால் பட்டை மாறியிருக்கலாம் என்று தங்கள் ஊழியர் சொன்னார். ஆகவே நான் பின்னிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நூலில் பட்டை எப்படி விழுகிறது என்பது தங்களுக்குத் தெரிந்ததே. நீண்ட நூலில் சில மீட்டருக்கு ஒரு நிறம், அடுத்த சில மீட்டருக்கு வேறு நிறம் என்று முன்கூட்டியே சாயம் ஏற்றிவிடுகிறீர்கள். ஒரு வரிசையில் எத்தனை கண்ணிகள் என்பதைப் பொறுத்து அந்த நீளம் அகலமான பட்டையாகவோ குறுகிய கோடாகவோ விழுகிறது. பையை வட்டமாகச் சுற்றிப் பின்னினால் சுற்றளவு பெரிது. அப்போது ஒரு நிறம் இரண்டு சுற்றுக்குள் தீர்ந்துவிடும், கோடுதான் கிடைக்கும். அதனால் நான் பையை முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு தட்டையான பலகைகளாகப் பிரித்துக்கொண்டேன். 4 மி.மீ. கொக்கி ஊசி, ஒற்றைக் குரோஷே பின்னல், வரிசைக்கு 60 கண்ணிகள், அகலம் 35 செ.மீ. மாதிரிக்குப் பத்து வரிசை பின்னிப் பிரித்து அளந்தேன். ஒரு வரிசைக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக நூல் செல்கிறது. ஒவ்வொரு நிறமும் ஏறக்குறைய 9 மீட்டர். ஆக, நிறத்துக்கு நாலரை வரிசை, இரண்டு விரல் அகலமுள்ள பட்டை. ஒரு பலகைக்கு 70 வரிசைகள், 143 மீட்டர் நூல். உருண்டைக்கு 57 மீட்டர் மிஞ்சும். பலகைக்கு ஓர் உருண்டை, அடிப்பகுதிக்கும் பக்கங்களுக்கும் தோள்வாருக்கும் மூன்றாவது, கைவசம் ஒன்று என்றுதான் நான்கு வாங்கினேன்.

முதல் உருண்டை பழுதில்லாதது. அதை நான் மறைக்கப் போவதில்லை. மூன்று நாள் மாலைகளில் முதல் பலகை முடிந்தது. நிறம் மாறும் இடம் ஒவ்வொன்றிலும் சாயம் மெல்ல இறங்கி அடுத்ததில் கலந்த அழகைப் பார்த்து, தங்கள் சாயப்பட்டறையில் வேலை செய்யும் கைகளை மனதாரப் பாராட்டினேன்.

இரண்டாவது உருண்டையில், முதல் பலகை தொடங்கிய அதே நீலப் புள்ளியைத் தேடிப் பிடித்துத் தொடங்கினேன். 27 வரிசைகள் வரை இரண்டு பலகையும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒத்துப்போயின. 28ஆம் வரிசையில் ஊசியில் ஒரு முடிச்சு தட்டியது. மஞ்சள் வெறும் 3 மீட்டர்தான் வந்திருந்தது. முடிச்சுக்கு அப்பால் பச்சை. மஞ்சளின் மிச்சமும் இல்லை, அதன் பின் வர வேண்டிய சந்தனமும் செங்கல் சிவப்பும் இல்லை.

முடிச்சை வெட்டிவிட்டுச் சரியான இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். மஞ்சளின் அதே இடத்துக்குப் போய்ச் சேர, பச்சை 9 மீட்டர், நீலம் 9 மீட்டர், மஞ்சளில் முதல் 3 மீட்டர் என 21 மீட்டர் நூலை வெட்டி எறிய வேண்டும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அதற்கும் துணிந்தேன். வெட்டும் முன், மிச்ச உருண்டையைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று நாற்காலி முதுகில் சுற்றினேன். இன்னொரு முடிச்சு வந்தது. அதைச் சரிசெய்ய மேலும் 38 மீட்டர் போக வேண்டும். மொத்தம் 59 மீட்டர். எனக்கு மிஞ்ச வேண்டியதோ 57 மீட்டர். பலகையின் கடைசி வரிசைக்கே நூல் போதாது.

மூன்றாவது உருண்டை தலைகீழாகச் சுற்றப்பட்டிருந்தது. நீலத்துக்குப் பின் மஞ்சள் வராமல் பச்சை வந்தது. அதற்கு வழி இருக்கிறது. உருண்டையின் உள்நுனியைப் பிடித்து இழுத்தால் வரிசை நேராகிவிடும். அப்படியே செய்தேன். ஏறக்குறைய 90 மீட்டரில் முடிச்சு. அதற்குப் பின் நூல் திசை மாற்றி முடியப்பட்டிருந்தது, நிறங்கள் வந்த வழியே திரும்பிப் போகத் தொடங்கின. நான்காவதில் 30 மீட்டரில் ஒன்று, 110 மீட்டரில் ஒன்று. மூன்று உருண்டைகளில் ஐந்து முடிச்சுகள். அவற்றில் ஒன்றுகூட நிறத்துக்கு நிறம் பொருத்தி முடியப்பட்டதாக இல்லை.

இதற்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில் இரண்டே வரிகள்தான். ஓர் உருண்டையில் இரண்டு மூன்று முடிச்சுகள் இருப்பது இயல்பு, அதைக் குறையாகக் கருத முடியாது என்பது முதல் வரி. பயன்படுத்தத் தொடங்கிய நூலைத் திரும்பப் பெற இயலாது என்பது இரண்டாவது.

முதல் வரியைப் பற்றி. நூல் ஆலையில் நூல் அறும், அறுந்தால் முடிச்சுப் போடுவார்கள். ஒரே நிறமுள்ள நூலில் முடிச்சு வந்தால் நான் யாருக்கும் கடிதம் எழுதமாட்டேன். ஒரு சாண் நுனி விட்டு வெட்டி, புதிதாகச் சேர்த்து, இரண்டு நுனிகளையும் பின்பக்கக் கண்ணிகளுக்குள் செருகிவிடுவேன். சாதாரண நூலைத் தாங்கள் 160 ரூபாய்க்கு விற்கிறீர்கள். இதற்கு 420 ரூபாய் வாங்குகிறீர்கள். மிகுதி 260 ரூபாயும் அந்த நிற வரிசைக்காக மட்டுமே நான் கொடுத்தது. வரிசை அறுந்த இடத்தில் அந்தப் பணத்துக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

எங்களூரிலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் பாலராமபுரம் இருக்கிறது. கைத்தறிக்குப் பெயர்பெற்ற, புவிசார் குறியீடு பெற்ற ஊர். தறியில் கரைப்பட்டையின் இழை அறுந்தால் நெசவாளி அதே நிறத்து இழையை எடுத்துத்தான் முடிவார். கைக்கு அருகில் இருக்கிறது என்று பச்சை இழையை எடுத்து மஞ்சள் கரையில் முடிந்து, இது இயல்பு என்று எந்த நெசவாளியும் சொல்லமாட்டார். தங்களிடம் நான் கேட்பதும் அந்த அளவு கவனத்தைத்தான்.

பின்னல் வேலை எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. நாகர்கோவிலில் ஆங்கிலேய மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த மரி லூயிஸ் தெ மீஸ்டர் அம்மையாரின் கன்னியர் மடத்திலும் லேஸ் வேலை வளர்ந்தது. என் பாட்டி அந்த மடத்தில் கற்றவர். எனக்குக் கொக்கி ஊசி பிடிக்கச் சொல்லித்தந்தவரும் அவரே. நான் முடித்துக் காட்டும் எதையும் அவர் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். பின்பக்கத்தில் ஒரு முடிச்சு தெரிந்தால் அந்த வரிசை வரை பிரித்துவிடுவார். எனக்கு அழுகை வரும். ஆனால் அவர் பின்னிய மேசைவிரிப்பு ஐம்பது ஆண்டு துவைப்புக்குப் பிறகும் எங்கள் வீட்டில் ஒரு கண்ணி விடாமல் இருக்கிறது. புத்தகச் சுமை தாங்க வேண்டிய பையில் முடிச்சோடு நூலைப் பின்னிவிட என்னால் முடியாது. பருத்தி நூல் நீண்டுகொடுக்காது. சுமை இழுக்க இழுக்க முடிச்சு முன்பக்கம் துருத்தும், ஒரு நாள் அவிழும்.

இரண்டாவது வரி எனக்கு இன்னும் அதிக வருத்தம் தந்தது. முடிச்சு உருண்டையின் வயிற்றுக்குள் இருக்கிறது. பலாப்பழத்தைப் பிளக்காமல் சுளை பார்க்க முடியுமா? பின்னத் தொடங்கினால்தான் குறை வெளியே வரும், பின்னத் தொடங்கினால் திரும்பப் பெறமாட்டோம் என்றால், இந்தக் குறைக்குத் தங்களிடம் பரிகாரமே இல்லை என்றுதான் பொருள்.

முதல் முறை நான் தொலைபேசியில் பேசியபோது, திறக்காத நான்காவது உருண்டையை மட்டுமாவது எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். எட்டு நாள் ஆயிற்று. மார்த்தாண்டம் கூரியர் அலுவலகம் என் முகவரி பாறசாலைக் கிளையைச் சேர்ந்தது என்றது. பாறசாலைக் கிளை அது தமிழ்நாடு, எங்களுடையதல்ல என்றது. 1956 நவம்பர் 1 முதல் எங்கள் பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இந்த அலைச்சல் புதிதல்ல, ஆனால் பழகிவிட்டது என்பதற்காக அது நியாயமாகிவிடாது. கொண்டுவந்து கொடுக்கும்போது முகவரி தெரிந்த ஆட்களுக்கு, திருப்பி எடுக்கும்போது மட்டும் தெரியாமல் போனது. காத்திருந்து பயனில்லை என்று தெரிந்த பிறகுதான் நான்காவதையும் திறந்தேன். என்னிடம் பேசிய பெண் பிள்ளை மிகுந்த மரியாதையோடு பேசினார். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, இந்தக் கடிதத்தால் அவருக்கு எந்தத் தொல்லையும் வரக் கூடாது.

எனக்கு வேண்டியது இதுதான். முதல் பலகையோடு சாயம் பொருந்தும்படி, அதே தொகுதி எண்ணில், சுற்றிப் பார்த்துச் சோதித்த மூன்று உருண்டைகளைச் செலவின்றி அனுப்புங்கள். அந்தத் தொகுதி தீர்ந்துபோயிருந்தால், வேறு தொகுதியில் நான்கு உருண்டைகள் அனுப்புங்கள், முதல் பலகையைப் பிரித்துவிட்டு மறுபடியும் தொடங்குகிறேன். இரண்டும் முடியாதென்றால் 1,770 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். பிரித்த நூல் அனைத்தும் முடிச்சுகளோடு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முடிச்சிலும் சிவப்பு நூலால் அடையாளம் கட்டியிருக்கிறேன். ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

எனக்குப் பின் வாங்குபவர்களுக்காகவும் கேட்கிறேன். பட்டை நூல் அறுந்தால் நிறம் பார்த்து, திசை பார்த்து முடியச் சொல்லுங்கள். அப்படி முடிச்சுப் போட இயலாத உருண்டைகளைத் தனியாக எடுத்து, குறையைச் சொல்லி, விலை குறைத்து விற்றுவிடுங்கள். சிறு பூக்களும் கோப்பை விரிப்புகளும் பின்னுகிறவர்கள் மகிழ்ச்சியோடு வாங்குவார்கள். சீட்டில் ஒவ்வொரு நிறமும் எத்தனை மீட்டர் என்று அச்சிடுங்கள். தாங்கள் போட்டிருக்கும் படம் இரட்டை ஊசியில் பின்னிய காலுறை. கொக்கி ஊசிப் பின்னல் அதே பரப்புக்கு அதைவிட அதிக நூல் கேட்கும், பட்டை அத்தனை அகலமாக வராது. எனக்கு அது தெரியும், அளந்துகொண்டேன். புதிதாகக் கற்பவர் படத்தை நம்பித்தானே வாங்குவார்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த ஒரு மாதத்தை இந்தக் கடிதம் கிடைக்கும் நாளிலிருந்து எண்ணிக்கொள்கிறேன். அதற்குள் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. அங்கே போக எனக்கு விருப்பமில்லை. அந்த ஐந்து நிறங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன, அவற்றில் பை பின்னத்தான் விரும்புகிறேன்.

இரண்டாவது பலகையை இன்னும் பிரிக்கவில்லை. 27 வரிசைகளோடு, ஓரக் கண்ணியில் ஊக்கு மாட்டி, முதல் பலகையின் மேல் வைத்திருக்கிறேன். மகள் பழைய துணிப்பையோடு ரயிலுக்குப் போய்வருகிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
களியக்காவிளை.

இணைப்பு: விலைச்சீட்டு நகல், நான்கு உருண்டைகளின் சீட்டுகள், இரண்டு பலகைகளையும் அருகருகே வைத்து எடுத்த படம், ஐந்து முடிச்சுகளின் படங்கள்.