ஒன்பது கப்பி மீன்களின் கணக்கு

பள்ளத்தூர்,
ஐப்பசி 22

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று இரவு போனில் பேத்தி அழுததைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. "அப்பா ஊற்றிய மருந்தால்தான் மீன்கள் செத்தனவா அப்பத்தா?" என்று கேட்டாள். குழந்தையிடம் மழுப்பிவிட்டேன். உன்னிடம் மழுப்பப்போவதில்லை. மருந்தும் காரணம், எட்டு மாதமாக நீ ஊற்றிவந்த தண்ணீரும் காரணம்.

நீ சொன்னதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 60 லிட்டர் தொட்டி. முதல் நாளிலிருந்து ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். பி.எச். (7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) முதலில் 7 இருந்தது, போன வாரம் பார்த்தால் 5.5. கடைக்காரர் கொடுத்த பி.எச். ஏற்றும் மருந்துப் பாட்டிலிலிருந்து சொட்டு விட்டாய், ஏறியது. மறுநாள் இறங்கிவிட்டது. மறுபடி சொட்டு, மறுபடி இறக்கம். சனிக்கிழமை இரவு பொறுமை போய், அரைப் பாட்டிலைக் கவிழ்த்து 8-க்கு ஏற்றினாய். விடிந்ததும் ஒன்பதும் மிதந்தன.

பிளஸ் டூவில் உனக்குத் தாங்கல் கரைசல் (அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பி.எச். அதிகம் அசையாத கரைசல்) நடத்தியது நான்தான். சமன்பாட்டை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கினாய். பாடம் உள்ளே இறங்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. அதில் பாதித் தவறு என்னுடையது. கரும்பலகையில் எழுதியே காலத்தைத் தள்ளிவிட்டேன்.

இன்று காலை நல்ல மழை. வளவு முற்றத்தில் கூரைத் தண்ணீர் கொட்டிய இடத்தில் அண்டாவை வைத்துப் பிடித்தோம். உன் அப்பத்தா காலத்தில் பருப்பு வேகவைக்க இந்தத் தண்ணீர்தான். கவுனி அரிசி ஊறவைத்த தண்ணீர் அடுப்படியில் இருந்தது, நாவல் பழச் சாறுபோல. ஒரு தம்ளரில் மழைத் தண்ணீர், இன்னொன்றில் நம் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் இரண்டு கரண்டி கவுனித் தண்ணீர். கவுனியின் கறுப்புச் சாயம் அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலம் பாயும். நம் வீட்டு லிட்மஸ் என்று வைத்துக்கொள்.

எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மழைத் தண்ணீர் மூன்றாவது சொட்டிலேயே சிவந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் நீலச் சாம்பலிலிருந்து மெல்ல ஊதாவுக்கு வந்து, அங்கேயே பிடிவாதமாக நின்றது. பத்து, பதினைந்து, இருபது. தம்ளர் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள். இருபதைத் தாண்டிய பிறகு நாலைந்து சொட்டுகளில் அதுவும் சிவந்தது. வேலைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கவுனி வீணாகிறது என்ற கவலை அவளுக்கு.

அந்தக் குமிழிகளில்தான் விஷயம் இருக்கிறது. மழை நீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, மண்ணையும் பாறையையும் சிறிது கரைத்து, பைகார்பனேட்டைச் சேர்த்துக்கொள்கிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவது அதன் மிச்சம். எலுமிச்சையிலிருந்து வரும், அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனியைப் பைகார்பனேட் பிடித்துக் கார்போனிக் அமிலமாக்குகிறது. அது கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் பிரிந்து, வாயு வெளியேறிவிடுகிறது. வந்த அமிலத்தில் பெரும்பகுதி கணக்கில் ஏறாமலே போகிறது. எதிர்ப்பக்கமாகக் காரம் வந்தால், கரைந்திருக்கும் கார்போனிக் அமிலம் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சமாளிக்கும். வலிமை குறைந்த அமிலமும் (இங்கே கார்போனிக் அமிலம்) அதன் இணை காரமும் (இங்கே பைகார்பனேட்) ஒரே பாத்திரத்தில் இருந்தால் இரண்டு திசையிலும் தாங்கும்.

நான் வகுப்பில் சொன்ன கணக்கு நினைவிருக்கிறதா? ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் 1 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே ஒரு மில்லிலிட்டர் விட்டால் பி.எச். 7-லிருந்து 3-க்கு விழும். அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் தலா 0.1 மோலார் இருக்கும் கரைசலில் அதே ஒரு மில்லிலிட்டரை விட்டால் 4.76 என்பது 4.75 ஆகும். அவ்வளவுதான் அசைவு.

பர்மாவில் வட்டிக்கடையில் அடுத்தாளாக (முதலாளிக்கு உதவியாளாக) இருந்த உன் ஐயா, கடைப் பலகையைப் பார்த்து முதலாளியை எடைபோடாதே, பெட்டியில் எவ்வளவு இருப்பு என்று பார் என்பார். நீ எட்டு மாதமாகப் பி.எச். எண் என்ற பலகையைத்தான் பார்த்தாய்; பைகார்பனேட் இருப்பைப் பார்க்கவில்லை. ஆர்.ஓ. தண்ணீருக்குப் பலகை உண்டு, பெட்டி காலி. வடிகட்டியபோதே பைகார்பனேட் பெரும்பாலும் போய்விட்டது.

செலவோ தினமும் நடந்தது. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் அம்மோனியா உண்டாகிறது. தொட்டியில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியா தண்ணீரில் ஹைட்ரஜனைப் பிடித்து அம்மோனியம் அயனியாகிறது; அப்படி மாறும் ஒவ்வொரு அம்மோனியம் அயனிக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளியே வரும். தாங்க ஆளில்லாததால் பி.எச். சரிந்தது. நீ விட்ட சொட்டுகள் எண்ணை ஏற்றின, இருப்பைச் சேர்க்கவில்லை. மறுநாள் அமிலம் வந்து தின்றுவிட்டது.

சனிக்கிழமை நடந்தது இதைவிடக் கொடுமை. பி.எச். 6-க்குக் கீழே போனால் அந்தப் பாக்டீரியாக்கள் சோர்ந்துவிடும், அம்மோனியா தேங்கும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் அயனியாக இருப்பதால் மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. 6-லிருந்து 8-க்கு ஏற்றினால் நச்சான அம்மோனியாவின் பங்கு சுமார் நூறு மடங்காகும். நீ 5.5-லிருந்து ஏற்றியிருக்கிறாய். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியாதவர் அந்தப் பாட்டிலை விற்றிருக்கக் கூடாது.

இன்னொன்று. பி.எச். மீட்டர் டப்பாவில் வந்த சிறு பொட்டலங்களை, ஈரம் உறிஞ்சும் பொடி என்று நினைத்துக் குப்பையில் போட்டேன் என்றாயே, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவை தாங்கல் பொடிகளடா! பொட்டலத்தின்மேல் 4.01, 6.86 என்று போட்டிருக்கும். மீட்டருக்கு 'இதுதான் 6.86' என்று சொல்லிக்கொடுக்க, அசையாத கரைசல் வேண்டும் அல்லவா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்கு வரவழைத்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப்போயிருந்தேன். அங்கே அளக்கத் தொடங்கும் முன் மீட்டரை இப்படிச் சரிபார்த்துக் காட்டினார்கள். வேறு பொட்டலம் வாங்கிக்கொள். உன் 5.5-உம் எந்த அளவு சரியோ.

பாட்டிலைத் தூக்கி எறி. தொட்டியைக் கழுவி, பாதி ஆர்.ஓ. தண்ணீரும் பாதி, ஒரு நாள் வெளியே வைத்துக் குளோரின் போக்கிய குழாய்த் தண்ணீரும் ஊற்று. உங்கள் குழாய்த் தண்ணீரும் மென்மையானது என்றால் 60 லிட்டருக்கு 5 கிராம் சமையல் சோடா போதும். லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமோல் பைகார்பனேட் சேரும். கப்பிக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். மீன் வாழும் தொட்டியில் சோடாவை ஒரே நாளில் கொட்டாதே, நாலைந்து நாளாகப் பிரித்துப் போடு. இருப்பும் செலவாகும் என்பதால் வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்று. புது மீன் ஒரு மாதம் கழித்து வாங்கலாம். முதலில் இரண்டே இரண்டு.

இந்த வாரம் வருகிறவரிடம் கவுனி அரிசி இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். மருமகள் ஒரு கிலோவை இனிப்புக் கிண்டட்டும். மற்றது பேத்திக்கு. அவளே இரண்டு தம்ளர் வைத்து எலுமிச்சையைச் சொட்டவிட்டு, எத்தனை சொட்டு என்று எனக்குப் போனில் சொல்ல வேண்டும். நீ பக்கத்தில் நின்று எண்ணாதே.

அன்புடன்,
ஆத்தா