தம்பிக்கு, தொட்டித் தண்ணீர் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரியும் போன் போட்டேன், அடித்து அடித்து நின்றுவிட்டது. வேலையாக இருந்திருப்பாய். அதனால்தான் எழுதிப் போடுகிறேன், நேரம் இருக்கும்போது படி. உன் மீன் தொட்டி விஷயம்தான், வேறொன்றும் இல்லை. உங்கம்மா நன்றாக இருக்கிறாள், ஆடி வந்துவிட்டதால் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது பற்றியே பேச்சு.

தொட்டித் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரிதான் இருந்தது, வாடைகூட இல்லை. சித்திரையில் ஏஞ்சல் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடவும்தான் நீ அலமாரியில் விட்டுப்போன டெஸ்ட் கிட்டை எடுத்தேன். அமோனியா இல்லை, நைட்ரைட் இல்லை, நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம்தான் காட்டியது. சரி, வெயில் சூடு என்று விட்டுவிட்டேன். நைட்ரேட் டெஸ்டில் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் ஓங்கிக் குலுக்க வேண்டும், மருந்து அடியில் படிந்திருக்கும், குலுக்காமல் விட்டால் குறைத்துக் காட்டும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. கை வலிக்கக் குலுக்கி 10 சொட்டு விட்டு, டெஸ்ட் குழாயையும் ஒரு நிமிடம் குலுக்கி, 5 நிமிடம் வைத்துப் பார்த்தால் செக்கச்செவேல் என்று இருக்கிறது. நிறம் ஒப்பிடுகிற அட்டையில் 40-க்கும் 80-க்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கேன் தண்ணீரில் நைட்ரேட் இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டு, தொட்டித் தண்ணீர் ஒரு பங்கு, கேன் தண்ணீர் மூன்று பங்கு கலந்து மறுபடி பார்த்தேன், 20 வந்தது. நாலால் பெருக்கினால் 80.

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியா ஆகும், அதை ஃபில்டரில் இருக்கிற பாக்டீரியா நைட்ரைட் ஆக்கி அப்புறம் நைட்ரேட் ஆக்கும், அதற்கு மேல் ஃபில்டரால் முடியாது, நாம்தான் தண்ணீரை எடுத்து வெளியே ஊற்ற வேண்டும். எட்டாம் வகுப்பில் இதை நீதான் காலண்டர் பின்பக்கத்தில் படம் போட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். வந்தவர் போனவருக்கெல்லாம் என் பையன் எப்படி விளக்குகிறான் பார் என்று காட்டியிருக்கிறேன். அவ்வளவு பேசுகிற பிள்ளை நீ. இப்போது 'ம்', 'சரிப்பா', 'வைக்கிறேன்'. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வாரம் இரண்டு முறை 30 லிட்டர் எடுத்துவிட்டுப் போர் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரமாகியும் 60-க்குக் கீழே இறங்கவில்லை. அப்புறம்தான் போர் தண்ணீரையே சோதித்தேன், அதிலேயே 40 இருக்கிறது! 40 இருக்கிற தண்ணீரை எத்தனை குடம் ஊற்றினாலும் 40-க்குக் கீழே எப்படி வரும். குடிக்கிற தண்ணீருக்கே லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு, காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்கு இது ஆகாது என்பதால் அக்காவுக்கு உடனே போன் பண்ணி, இங்கே வந்தால் பால் பவுடர் கலக்கப் போர் தண்ணீர் பக்கமே போகாதே என்று சொல்லிவிட்டேன். தெரு முழுக்க செப்டிக் டேங்க், ஊற்றில் இறங்காமல் எங்கே போகும்.

இப்போது மேட்டூர் தண்ணீர் வருகிற அன்று டிரம்மில் பிடித்து ஒருநாள் திறந்து வைத்து, ஆன்டி குளோரினும் இரண்டு சொட்டு விட்டு, வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றுகிறேன். ஒரேயடியாக மாற்றக் கூடாது, பழகின மீன் அதிர்ச்சியிலேயே போய்விடும். கல்லுக்கு அடியில் டியூப் விட்டு அழுக்கையும் இழுக்கிறேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுவதில்லை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுகிறேன். மாடியில் இருந்த மணி பிளான்ட்டை வேர் மட்டும் நனைகிற மாதிரி ஓரத்தில் செருகியிருக்கிறேன், நைட்ரேட்டை அது இழுத்துக்கொள்கிறது, இலை தளதள என்று வருகிறது. இந்த வாரம் 30. இன்னும் இறங்கும், ஒரேயடியாகத்தான் மாற்றக் கூடாது.

தம்பி, ஒன்று சொல்ல வேண்டும். வைகாசியில் நீ கேட்டபோது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போட்டோ அனுப்பினேனே, அது போன வருஷத்துப் போட்டோ. பெரிய ஏஞ்சலும் அதன் ஜோடியும் அதற்கு முன்பே போய்விட்டன, கொய்யா மரத்தடியில் புதைத்தேன். உனக்கு இருக்கிற கஷ்டத்தில் இது வேறு எதற்கு என்று மறைத்துவிட்டேன்.

கஷ்டம் என்று எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும். பொங்கலுக்கு வந்திருந்தபோது மாடிப்படியில் நின்று நீ போனில் பேசியது என் காதில் விழுந்தது. வேட்டி காயப்போட வந்தவன் அப்படியே திரும்பி இறங்கிவிட்டேன். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நேராகத் தொட்டிக்குப் போய்த் தீனி போட்டேன். அதற்கு முன் காலை ஒரு வேளைதான். அன்றிலிருந்து உன் ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு கிள்ளு போட்டேன், அதுகளும் என்னைக் கண்டதும் முன்னால் வந்து நிற்கும், ஒரு நாளைக்கு நாலு ஐந்து முறை ஆகிவிட்டது. 80 அப்படித்தான் வந்தது. உன்னிடம் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் உன் மீனைக் கெடுத்துவிட்டேன். நான் கேட்டிருக்க வேண்டும் தம்பி.

மிச்சம் நாலு இருக்கின்றன, நன்றாகத்தான் நீந்துகின்றன, இன்று எடுத்த போட்டோவை இதோடு அனுப்புகிறேன், பின்னால் மணி பிளான்ட் தெரியும் பார். ஞாயிறு காலை 7 மணிக்குத் தண்ணீர் மாற்றுவேன், அப்போது வீடியோ போடுகிறேன், எடு. பேச வேண்டாம் என்றால் பேசாதே, டியூபை எங்கே பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்.

அப்பா