பிக்கரிங்கில் இருக்கும் மகளுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

வீட்டுக்கு அயடீன் குளிசை வந்திருக்கிறது, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். கனடாவின் பிக்கரிங் அணுமின் நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீற்றருக்குள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் அதைக் கொடுப்பார்கள். விபத்தில் வெளியேறக்கூடிய கதிரியக்க அயடீன்-131 தைரொயிட் சுரப்பியில் போய்ச் சேரும். நல்ல அயடீனால் சுரப்பியை முன்கூட்டியே நிரப்பிவிட்டால் அதற்கு இடம் கிடைக்காது. மற்றக் கதிரியக்கப் பொருள்களுக்கு இந்தக் குளிசை மருந்தல்ல. கசிவுக்குச் சற்று முன்னர் அல்லது வந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் எடுத்தால்தான் முழுப் பயன். அரசாங்கம் அறிவித்தால் மட்டும் எடு மனே. பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், பேரனின் வயதுக்கு 65. பெட்டிக்குள் இருக்கும் தாளையும் வாசி.

நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்திலும் பிக்கரிங்கிலும் பாதி வேலை ஒன்றுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியால் சுழலியைச் சுற்றி, மின்பிறப்பாக்கியை ஓட்டுவார்கள். சூடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இயற்கை யுரேனியத்தில் பிளவுபடக்கூடிய யுரேனியம்-235 வெறும் 0.7 வீதம். ஒரு அணுக்கரு பிளந்தால் நியூத்திரன் என்ற நுண்துகள்கள் இரண்டு மூன்று பாயும். அவற்றின் வேகத்தைக் குறைத்தால்தான் அடுத்த கருவைச் சுலபமாகப் பிளக்கும். சாதாரண நீர் வேகத்தைக் குறைத்தாலும் நியூத்திரனை விழுங்கிவிடும், அதனால் பல நாடுகள் யுரேனியம்-235இன் பங்கை 3 முதல் 5 வீதம் வரை கூட்டிச் செறிவாக்குகின்றன. கனடாக்காரர் நியூத்திரனை அதிகம் விழுங்காத பார நீரைப் பாவிப்பதால் அந்தச் செலவு இல்லை. யுரேனிய ஒட்சைட்டு வில்லைகளை சேர்க்கோனியக் குழாய்களில் அடைத்து, 28 குழாயை ஒரு கட்டாகக் கட்டுவார்கள். ஒரு கட்டு அரை மீற்றர் நீளம், 20 கிலோவுக்குச் சற்று மேல். உலைக்குள் கிடையாகக் கிடக்கும் ஒவ்வொரு எரிபொருள் கால்வாயிலும் 12 கட்டுகள். கால்வாயின் இரு முனையிலும் இரண்டு இயந்திரங்கள் வந்து பூட்டிக்கொள்ளும். ஒன்று புதுக்கட்டைத் தள்ள, மற்றது எரிந்த கட்டை வாங்கிக்கொள்ளும். உலையை நிறுத்தவே தேவையில்லை. அப்படி ஒரு கட்டு ஏறக்குறைய 10 லட்சம் அலகு மின்சாரம் தரும். அதே மின்சாரத்துக்கு நிலக்கரி என்றால் 400 தொன் வேண்டும்.

நிலக்கரியை நிறுத்தினால் நெருப்பு அணையும். அணு உலையில் அப்படி இல்லை, நீ மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். நியூத்திரனை விழுங்கும் தடுப்புத் தண்டுகள் விழுந்து பிளவு நின்ற பிறகும், பிளந்த துண்டுகள் தாமாகச் சிதைந்து சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். விறகு வைப்பதை நிறுத்திய செங்கல் சூளை மாதிரி. நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் 6, 7 வீதம் மிஞ்சும். பிக்கரிங்கின் ஒரு உலைக்கு அது 100 மெகாவாற்றுக்கு மேல். ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரை வீதத்துக்குக் கிட்ட இறங்கும், ஒரு நாளில் அரை வீதம். அந்த அரை வீதமே மணிக்கு 10 தொன்னுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்கப் போதும். அதனால் குளிர்நீர்ப் பம்பி ஓடியே ஆக வேண்டும்.

ஃபுக்குஷிமாவில் நடந்தது அதுதான். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காக நின்றன. பிறகு வந்த சுனாமி டீசல் மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்தது. உப்புத் தண்ணீர் மோட்டருக்கு என்ன செய்யும் என்று 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்முனையிலோ நாவலடியிலோ யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பம்பி நிற்க, நீர் மட்டம் இறங்கியது. காய்ந்த சேர்க்கோனியம் 1200 பாகையளவில் நீராவியோடு தாக்கமுற்று ஐதரசனைக் கக்கியது, கட்டடங்கள் வெடித்தன. பிக்கரிங்கில் ஆவி வெளியேறினால் உறிஞ்சி எடுக்கவென்றே காற்றை இறைத்து வெறுமையாக்கிய பெரிய உருளைக் கட்டடம் ஒன்று நிற்கிறது. தெருவிலிருந்தே தெரியும், பேரனுக்குக் காட்டு.

நிலக்கரியின் கேடு ஒருநாளும் செய்தியாகாது, ஏனென்றால் அது தினமும் நடக்கிறது. நுரைச்சோலையின் 900 மெகாவாற்றுக்கு வருடத்துக்கு 20 லட்சம் தொன்னுக்கு மேல் கரி வேண்டும். தென்மேல் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் கப்பலிலிருந்து இறக்க முடியாது, செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை இறக்கிக் குவித்து வைக்க வேண்டும். சாம்பல், கந்தகம், நுண்தூசி எல்லாம் கூடவே வரும். சுரங்கம் தொடங்கி முடிவு வரை கணக்கிட்டால் ஒரு அலகுக்கு நிலக்கரி 820 கிராம் காபனீரொட்சைட்டை விடுகிறது, எரிவாயு 490, அணு 12. ஐ.நா.வின் காலநிலைக் குழு 2014இல் தந்த இடைப்பெறுமானங்கள் இவை. உங்கள் ஒன்ராறியோ மாகாணம் அதே வருடம் கடைசி நிலக்கரி நிலையத்தையும் மூடியது, அணு இல்லாமல் அது நடந்திராது.

எரிந்த கட்டுகளைப் பத்து வருடமளவு தண்ணீர்த் தொட்டியில் ஆறவிட்டு, பிறகு கொங்கிரீற்றுப் பெட்டிகளில் வைப்பார்கள். ஒரு பெட்டிக்கு 384 கட்டு. நிரந்தரமாகப் புதைக்க 2024 நவம்பரில் ஒன்ராறியோவின் வடமேற்கே இக்னஸ் பகுதியைத் தெரிந்திருக்கிறார்கள். இன்னும் தோண்டவில்லை, அந்தத் தாமதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இலங்கைக்கும் ஒன்று வேண்டாமா என்று மருமகன் கேட்டாராம். பெரிய உலை வேண்டாம் என்பேன். நுரைச்சோலையின் 300 மெகாவாற் மின்பிறப்பாக்கி ஒன்று நின்றாலே நாட்டு வலையமைப்பு ஆடுகிறது. 1000 மெகாவாற் உலை திடீரென நின்றால் ஈடுகட்ட நம்மிடம் எதுவும் இல்லை. நின்ற உலையை உடனே எழுப்பவும் முடியாது. அயடீன்-135 சிதைந்து செனன்-135 ஆகிச் சேரும், அது நியூத்திரனைப் பேராசையோடு விழுங்கும். பத்து மணித்தியாலமளவில் உச்சத்துக்குப் போய், குறைய ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். அதுவரை முழு நாடும் இருட்டில் காத்திருக்க வேண்டிவரும் என்று அவரிடம் சொல்.

அன்புடன்,
அப்பா