இரண்டாம் தவணை நிறைவும் கிரிகல்பொத்த மலைப் பயணமும்

அன்பார்ந்த பெற்றோர்களே,

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்திருக்கிறது. தமிழ்த்தினப் போட்டிகளிலும் விளையாட்டிலும் பிள்ளைகள் பாராட்டும்படி பங்கெடுத்தார்கள். நூலகத்துக்குப் புதிய அலுமாரிகள் வந்துள்ளன. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

அடுத்து, நமது சாரணர்கள் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. 2,388 மீட்டர் உயரமுள்ள கிரிகல்பொத்த, பீதுருதாலகாலவுக்கு அடுத்தபடி இலங்கையில் உயரமான மலை. போகவே ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நடக்க வேண்டும். சேற்றிலும் வேர்களிலும் வழுக்கும் அந்தப் பாதையில் பெரிய பிள்ளைகள் சின்னவர்களைக் கைபிடித்து ஏற்றிவிட்டதாக ஆசிரியர்கள் சொன்னபோது மிகவும் பெருமையாக இருந்தது.

ஆனால் நடை தொடங்கும் இடத்தில் நடந்தது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோகக்கூடாது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தோம். அப்படியிருந்தும் பல பைகளில் சொப்பிங் பேக், அதற்குள் லஞ்ச் ஷீட், அதற்குள் சோறு. உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு பிஸ்கட் பக்கற்றையும் பிரித்துக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்கள். தண்ணீர்ப் போத்தல்களின் லேபிளைக்கூட உரித்தெடுத்தார்கள். மூடுபனி இறங்குமுன் ஏற வேண்டிய மலைக்கு இதனாலேயே தாமதமாகப் புறப்பட்டார்கள். ஒரு மாணவனின் மழைக்கோட்டுக்குள்ளிருந்து இரண்டு சிப்ஸ் பக்கற்றுகள் வெளியே வந்தன. "வீட்டில்தான் ஒளித்து வைக்கச் சொன்னார்கள்" என்று அழுதுகொண்டே சொல்லியிருக்கிறான். இதற்கிடையில், கூடச் சென்ற பெரியவர்கள் சிலர் வாகனத் தரிப்பிடத்தில் மரைகளுக்கு, அதாவது அங்கு வாழும் பெரிய மான்களுக்கு, பாண் ஊட்டிப் படமெடுத்திருக்கிறார்கள்.

உணவு வாசனையும் உப்பும் ஒட்டிய பொலித்தீனை மரை அப்படியே விழுங்கிவிடும். அது செரிக்காது, வெளியேறவும் செய்யாது, வயிற்றிலேயே அடைத்துக்கொள்ளும். அங்கே இறந்த மரைகளின் வயிற்றில் பொலித்தீன் கிடந்ததைச் செய்திகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதுமட்டுமல்ல, மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் தரும் இடம் ஹோட்டன் சமவெளி.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். அடுத்த பயணத்தன்று காலை பாடசாலை வாசலிலேயே பைகள் சோதிக்கப்படும். பொலித்தீன் இருந்தால் அந்தப் பிள்ளை பஸ்ஸில் ஏற முடியாது. விலங்குகளுக்கு உணவு கொடுக்கும் பெரியவர்களையும் மறுபடி அழைத்துச் செல்லமாட்டோம். பிள்ளையிடம் ஒளிக்கச் சொல்வதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

விடிவதற்கு முன் எழுந்து சமைத்துக் கட்டிக்கொடுப்பது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். சாப்பாட்டுப் பெட்டி இல்லாவிட்டால் வாழையிலையில் கட்டி, துணிப்பையில் வைத்துக் கொடுங்கள், அதுவே போதும். அன்று அப்படிக் கொடுத்தனுப்பிய தாய்மாருக்கும், வழி முழுக்கப் பிள்ளைகளோடு நடந்த தந்தையருக்கும் என் மனமார்ந்த நன்றி. இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் ஒப்பமிட்டு, மூன்றாம் தவணையின் முதல் வாரத்துக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்