பில்லில் இருக்கும் பாகங்கள் காரில் இல்லை

ஈசூன், சிங்கப்பூர்
21 ஜூலை 2025

பெறுநர்:
பட்டறை உரிமையாளர் அவர்கள்,
காக்கி புக்கிட்

பொருள்: என் 2008 மிட்சுபிஷி லான்சரில் நீங்கள் செய்த எஞ்சின் மாற்றமும் முன்பக்க சஸ்பென்ஷன் வேலையும்

ஐயா,

வணக்கம். கடந்த பிப்ரவரிக் கடைசியில் ஜொகூர் பாருவிலிருந்து திரும்பும் வழியில், புக்கிட் தீமா விரைவுச்சாலையில் என் கார் சூடேறி நின்றது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய், எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. இழுவை வண்டியில் ஏற்றி உங்கள் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தேன். ஹெட்டைப் பழுதுபார்த்துச் செலவழிப்பதைவிட, அதே 4ஜி18 வகை எஞ்சின் குறைவாக ஓடியது ஒன்று கைவசம் இருக்கிறது, மாற்றிவிடலாம் என்றீர்கள். ஒப்புக்கொண்டேன். எப்படியும் முன்பக்கத்தைப் பிரிக்கப் போகிறீர்கள், அதோடு சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம் இரண்டு, அதிர்வைத் தாங்கும் அப்சார்பர் இரண்டு, அதன் மேல் மவுண்டிங் இரண்டு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள் என்று கேட்டது நான்தான். மார்ச் 17ஆம் தேதி ஜிஎஸ்டி சேர்த்து 5,733 சிங்கப்பூர் வெள்ளி 40 காசு கட்டி வண்டியை எடுத்தேன். பேரம் பேசவில்லை. நல்ல வேலைக்கு நல்ல கூலி கொடுக்க வேண்டும் என்று நினைப்பவன் நான்.

இரண்டாவது மாதமே முன்பக்கம் சத்தம் போட ஆரம்பித்தது. எங்கள் புளோக்கின் பலமாடி கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு வேகத்தடையிலும் 'டக்' என்று ஓர் அடி. சிலேத்தார் விரைவுச்சாலையில் ஸ்டியரிங்கைச் சற்று விட்டால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. ஜூன் மாதம் பார்த்தபோது இடது முன் டயரின் உள்விளிம்பு வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. அதுவரை 4,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. இந்தக் காரில்தான் என் மாமனாரை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போகிறேன். திரும்பி வரும்போது அவர் மிகவும் தளர்ந்திருப்பார். அந்த 'டக்' சத்தம் வரும்போதெல்லாம் கதவுப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறார்.

உங்கள் பட்டறைக்கு இரண்டு முறை போன் செய்தேன். "பழைய கார்னா சத்தம் வரத்தான் செய்யும் அங்கிள்" என்பதுதான் இரண்டு முறையும் கிடைத்த பதில். அதன் பிறகுதான் ஜூலை 12ஆம் தேதி சின் மிங்கில் வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து வண்டியைத் தூக்கிப் பார்த்தேன்.

நான் 31 ஆண்டுகள் செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவன். அங்கே ஒரு போல்ட்டை இறுக்கி முடித்தால், போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரே கோடாகப் பெயின்ட் இழுத்துவிடுவோம். பிறகு யாராவது அதைத் தொட்டால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கத்தில், 2019இல் இதே காருக்கு லோயர் ஆர்ம் மாற்றியபோது உள்பக்க போல்ட்டுகளில் மஞ்சள் கோடு போட்டிருந்தேன். இடப்பக்கம் இப்போது கோடு இல்லை, ஆர்மும் புதிது, ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை. வலப்பக்கத்திலோ என் மஞ்சள் கோடு உடையாமல், நகராமல், ஆறு ஆண்டு அழுக்கோடு அப்படியே இருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டை உருவுவதற்காக, ஆர்ம் சக்கரத்தோடு சேரும் வெளிப்பக்க பால் ஜாயின்ட்டை மட்டும் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறீர்கள். பில்லில் லோயர் ஆர்ம் இரண்டு, 320 வெள்ளி என்று இருக்கிறது. காரில் புதிதாக இருப்பது ஒன்றுதான்.

அந்த ஒன்றையும் சரியாக மாட்டவில்லை. லோயர் ஆர்மின் புஷ் உருண்டு கொடுக்கும் பேரிங் அல்ல. உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டிய ரப்பர் அது. ஆர்ம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர்தான் முறுக்கிக் கொடுத்து மீண்டும் பழைய நிலைக்கு வரும். ஆகவே சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் முழுதும் அதன்மேல் இருக்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கிய நொடியிலேயே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் அந்த முறுக்கு தளராது. ஒவ்வொரு மேட்டிலும் இன்னும் கூடும், கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். மார்ச் 15 மாலை நான் பட்டறைக்கு வந்தபோது கார் லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் ஆள் இம்பாக்ட் கன்னால் இறுக்கிக்கொண்டிருந்தார். "தம்பி, இறக்கிய பிறகு இன்னொரு முறை தளர்த்தி இறுக்குங்கள்" என்று சொன்னேன். "ஓகே அங்கிள்" என்றார். நான்கு மாதத்தில் இடப்பக்க புஷ் பாதிக்குமேல் கிழிந்து நிற்கிறது. படம் இணைத்திருக்கிறேன். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்ததாக 60 வெள்ளி வாங்கினீர்கள். அளவு அச்சிட்ட தாளை அன்றே கேட்டேன், மெஷினில் பேப்பர் தீர்ந்துவிட்டது என்றார்கள். அந்த டயரைப் பார்த்த பிறகு, அலைன்மென்ட் செய்யவே இல்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

எஞ்சின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் விஷயத்தில்தான் என் மனம் அதிகம் கொதிக்கிறது. எஞ்சின் வெளியே ஸ்டாண்டில் நிற்கும்போது பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மாற்றுவது எளிய வேலை. கியர்பாக்ஸ் பிரிந்திருக்கும்போது கிராங்க் பின்பக்க ஆயில் சீலைப் போடுவதும் அப்படியே. எல்லாவற்றையும் பொருத்திவிட்டால், அந்தச் சின்ன சீலுக்காகத் திரும்பவும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இவற்றுக்காக நீங்கள் வாங்கியது 340 வெள்ளியும் 80 வெள்ளியும். மேல் கவரைத் திறந்து பார்த்தோம். பெல்ட்டின் முதுகெல்லாம் பொடிப்பொடியாக வெடிப்பு, எழுத்துகள் அழிந்து பளபளவென்று இருக்கிறது. அது நான்கு மாதப் பெல்ட் அல்ல. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் கசிந்து, என் பார்க்கிங் கட்டத்தில் தினமும் ஒரு கறை. ஓட்டத்தில் அந்தப் பெல்ட் அறுந்தால் எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். விரைவுச்சாலையில், பின் இருக்கையில் நோயாளியோடு. அன்றிலிருந்து மாமனாரை டாக்சியில் அனுப்புகிறேன்.

இன்னொன்று எஞ்சின் எண். எஞ்சின் மாற்றினால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் தெரிவித்துப் பதிவில் எண்ணை மாற்ற வேண்டும் என்பது உங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். "அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றீர்கள். ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் பார்த்தால் இன்றும் பழைய எண்தான் இருக்கிறது. இப்போதுள்ள எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. 10 ஆண்டு தாண்டிய கார் என்பதால் ஆண்டுதோறும் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. அதில் தேறாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது. என் சாலை வரி செப்டம்பரில் முடிகிறது.

பழைய கார் என்று உங்கள் ஆட்கள் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். 2018இல் முப்பதாயிரம் வெள்ளிக்கு மேல் கட்டி வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇயை 10 ஆண்டுக்குப் புதுப்பித்தேன். பழைய காருக்கான 50 விழுக்காடு கூடுதல் வரியோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 வெள்ளி சாலை வரி கட்டுகிறேன். சிறிய கார்களுக்கான சிஓஇ இந்த 2025 ஜூலையில் ஒரு லட்சம் வெள்ளியை ஒட்டி நிற்கிறது. புதுக் கார் வாங்க என்னால் முடியாது. 2028 செப்டம்பர் வரை இந்த வண்டியை நல்லபடியாக ஓட்ட வேண்டும் என்றுதான் உங்களிடம் அவ்வளவு பணம் கொடுத்தேன். கார் பழையது என்பது மார்ச் மாதமும் உங்களுக்குத் தெரியும்.

எஞ்சினைப் பற்றி எனக்குக் குறை இல்லை. சீராக ஓடுகிறது, புகை இல்லை. அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நான் கேட்பது இவ்வளவுதான். எஞ்சின் வாங்கிய காகிதத்தை ஒரு வாரத்துக்குள் கொடுத்து, எண்ணைப் பதிவில் மாற்றித் தாருங்கள். பெல்ட், டென்ஷனர், பம்ப், பின்பக்க சீல், இரண்டு பக்கமும் புதிய லோயர் ஆர்ம், அலைன்மென்ட் எல்லாவற்றையும் கூலி வாங்காமல் செய்து கொடுங்கள். அதற்கு மனமில்லை என்றால் இவற்றில் செய்யாமல் விட்டவற்றுக்கு வாங்கிய 640 வெள்ளியையும் அதற்குரிய ஜிஎஸ்டி 57 வெள்ளி 60 காசையும், கிழிந்த இடப்பக்க ஆர்முக்கான 160 வெள்ளியையும் திருப்பிக் கொடுங்கள், நான் வேறிடத்தில் செய்துகொள்கிறேன். தேய்ந்த டயருக்கு 105 வெள்ளி தனி.

ஆகஸ்ட் 4ஆம் தேதிவரை காத்திருப்பேன். அதற்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுத்துவிட்டு, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போவேன். அங்கே 20,000 வெள்ளிவரை கோரலாம், வழக்கறிஞரும் தேவையில்லை. பில், படங்கள், சின் மிங் மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை மூன்றின் நகலும் இத்துடன் உள்ளன.

வேலையை நீங்களே செய்வதானால் ஒரு நிபந்தனை. நான் பக்கத்தில் நிற்பேன். வலப்பக்க போல்ட்டில் இருக்கும் மஞ்சள் கோட்டை நீங்களும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு கழற்றுங்கள்.

இப்படிக்கு,
லான்சர் கார் உரிமையாளர்